கண் தெரியும் தூரம்

வேட்டைக்குப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகள் "என்ன மிருகம்?" என்று கேட்பதில்லை. "எவ்வளவு தூரத்தில இருந்து அடிப்பியள், அக்கா?" என்றுதான் கேட்பார்கள். "நூற்றைம்பது மீற்றருக்குள்ள" என்று சொன்னதும் முகம் சப்பென்று போய்விடும். அவர்கள் பார்க்கும் யூரியூப் வீடியோக்களில் ஒருவர் மலையின் இந்தச் சரிவில் படுத்திருந்து, எதிர்ச் சரிவில் நிற்கும் எல்க் மானை ஆயிரம் யார் தூரத்தில் விழுத்துகிறார். விளையாட்டில் அவர்களே அதைவிடத் தூரத்தில் அடித்திருக்கிறார்கள். நூற்றைம்பது மீற்றர் என்றால் இரண்டு மூன்று கட்டிடம் தள்ளி நிற்பதுதானே!

லிஃப்ட் பதினேழாம் மாடிக்கு வருவதற்குள் அதற்குப் பதில் சொல்லி முடியாது. அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். சென் ஜேம்ஸ் ரவுணில் துவக்கு என்பது விளையாட்டுச் சொல் இல்லை. 1960களில் கட்டிய இந்த உயர்ந்த கட்டிடங்களுக்குக் கனடிய நகரங்களின் பெயர்களை வைத்தார்கள். ஆனால் உள்ளே வந்து குடியேறிய சனங்களில் பலர் எங்கோ ஒரு யுத்தத்தை விட்டு ஓடி வந்தவர்கள். எங்கள் அப்பா 1988 இல் வந்தார். எங்கள் மாமி, அப்பாவின் தங்கச்சி, வன்னியில் கடைசிவரை இருந்துவிட்டு 2012 இல் வந்தார். அதோடு, இங்கே கீழே மஞ்சள் நாடா கட்டிப் பொலிஸ் நிற்கும் இரவுகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆகவே "வேட்டைக்குப் போகப்போறன், துவக்கு லைசன்ஸ் எடுக்கப்போறன்" என்று நான் வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து என்னைப் பார்த்தார். "எடுக்கிறதெண்டா எடு. ஆனா இந்த வீட்டுக்குள்ள துவக்கு வரக்கூடாது" என்றார். இன்றுவரை வரவில்லை. எனக்குச் சொந்தமாகத் துவக்கு இல்லை. என்னுடன் வேலைசெய்யும் ஒருவரின் அப்பா, எழுபது வயதைக் கடந்த பெரியவர், ஹாலிபேர்ட்டன் பக்கம் இருக்கிறார். அவருடைய பூட்டிய அலுமாரியில் இருக்கும் றைபிளைத்தான் அவருடன் போகும்போது இரவல் வாங்குகிறேன்.

ஏன் போனேன் என்றும் கேட்பீர்கள். நான் இறைச்சி சாப்பிடுகிறேன். கடையில் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருக்கும் துண்டுக்கு ஒரு முகம் இருந்தது என்பதை ஒருதரமாவது நேரே சந்திக்கவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அது பெரிய தத்துவம் என்று நான் சொல்லவில்லை.

இங்கே நினைத்தவுடன் காட்டுக்குள் போய்விட முடியாது. முதலில் கனடாவின் துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடநெறி. அதில் தேறியபின் லைசன்ஸ் விண்ணப்பம். அவர்கள் உங்கள் பின்னணியை விசாரிப்பார்கள். பிறகு ஒன்ராறியோவின் வேட்டைக் கல்விப் பாடநெறி, அதற்கு ஒரு சோதனை. அதன்பின் வெளிப்புற அட்டை, மான் லைசன்ஸ், ராக். காட்டில் நிற்கும்போது தலையிலும் உடம்பிலும் செம்மஞ்சள் உடுப்பு. உடம்பில் குறைந்தது 2,580 சதுர சென்ரிமீற்றர் அந்த நிறம் தெரியவேண்டும் என்று சட்டம் அளந்தே சொல்கிறது. மானின் கண்ணுக்குச் செம்மஞ்சள் ஒரு மங்கல் நிறம். மற்ற வேட்டைக்காரரின் கண்ணுக்குத்தான் அது நெருப்பு மாதிரித் தெரியும். சூரியன் உதிப்பதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னும், மறைந்து அரை மணித்தியாலத்துக்குப் பின்னும் சுடக்கூடாது. தென் ஒன்ராறியோவின் பல பகுதிகளில் மானுக்கு றைபிள் கிடையாது, சொட்கன் போன்றவைதான். அங்கே வீடுகளும் வயல்களும் நெருக்கம். றைபிள் குண்டு கிலோமீற்றர் கணக்கில் போகும்.

இனித் தூரத்துக்கு வருவோம்.

பல விளையாட்டுகளில் நீங்கள் பட்டனை அழுத்திய அதே கணத்தில் குண்டு பட்டுவிடும். இடையில் நேரமே இல்லை. உண்மையான குண்டு பயணம் செய்கிறது. மான் வேட்டைக்கு இங்கே பலர் பாவிக்கும் .308 வின்செஸ்ரர் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை விட்டு வெளியே வரும்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 800 மீற்றர். ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அந்தக் கணத்திலிருந்தே காற்று அதைப் பிடித்து இழுக்கிறது, பூமி கீழே இழுக்கிறது. 100 மீற்றரில் மையத்தில் படும்படி சரிசெய்த றைபிளை, அப்படியே மாற்றாமல் 300 மீற்றரில் உள்ள இலக்குக்குப் பிடித்தால், குண்டு ஏறக்குறைய அரை மீற்றர் கீழே போகும். 500 மீற்றரில் ஒன்றரை மீற்றருக்கும் மேல். ஒரு மானின் முழு உயரத்தைவிட அது அதிகம்.

கீழே விழுவதைக் கணக்குப் போடலாம். புவியீர்ப்பு ஒருநாளும் மனம் மாறுவதில்லை. காற்றுத்தான் கள்ளன். பக்கவாட்டில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்றைக் கொடி மெல்ல அசைவதில் பார்த்திருப்பீர்கள். அது 100 மீற்றரில் குண்டை ஒரு விரலகலம் தள்ளும். 500 மீற்றரில் அரை மீற்றருக்கு மேல் தள்ளும். அதுவும் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காற்று, நடுப்பள்ளத்தில் இன்னொரு காற்று, மான் நிற்கும் இடத்தில் வேறொரு காற்று. எங்கள் கட்டிடங்களுக்கிடையில் குடை பிடித்து நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு மூலையில் குடை நேரே நிற்கும், அடுத்த மூலையில் உள்வெளி திரும்பிவிடும்.

இப்போது இலக்கைப் பாருங்கள். வெள்ளைவால் மானின் நெஞ்சுக்குள் இருதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் வட்டம். ஒரு கடதாசிச் சாப்பாட்டுக் கோப்பை அளவு. அதற்குள் பட்டால் மான் சில செக்கன்களில் விழும். அதற்கு வெளியே, வயிற்றில் பட்டால், மணித்தியாலக் கணக்கில் உயிரோடு ஒளிந்து கிடந்து சாகும். காலில் பட்டால் ஓடிவிடும். பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கு ஒருபோதும் தெரியவராது.

நல்ல றைபிள் ஒன்று, ஆடாத மேசையில் வைத்துச் சுட்டால், 100 மீற்றரில் 3 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் குண்டுகளைப் போடும். அதே றைபிள் 500 மீற்றரில் 15 சென்ரிமீற்றர் வட்டம் போடும். அது றைபிளின் பிழை மட்டும். கோப்பையின் விளிம்புக்கு மிச்சம் இருப்பது ஒவ்வொரு பக்கமும் இரண்டரைச் சென்ரிமீற்றர். உங்கள் மூச்சு, இருதயத் துடிப்பு, விறைத்த விரல், காற்றைத் தவறாகக் கணித்தது எல்லாம் அந்த இரண்டரைச் சென்ரிமீற்றருக்குள் அடங்கவேண்டும்.

இதற்கெல்லாம் கருவிகள் இருக்கின்றன. லேசர் தூரமானி சில நூறு டொலருக்குக் கிடைக்கும். மானை நோக்கிப் பிடித்து அழுத்தினால் தூரத்தை மீற்றரில் சொல்லும். காற்றுமானி கையில் பிடிக்கும் அளவில் இருக்கிறது. குண்டின் எடை, வேகம், வெப்பநிலை, உயரம் எல்லாவற்றையும் கொடுத்தால் எத்தனை கிளிக் திருப்பவேண்டும் என்று கைபேசிச் செயலி சொல்லும். ஸ்கோப்பின் மேலுள்ள குமிழைத் திருப்பினால் போதும். 2013 இல் அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்தில் ட்ராக்கிங்பொயின்ற் என்ற நிறுவனம் இதையெல்லாம் ஒரே துவக்குக்குள் வைத்து விற்றது. விலை 20,000 டொலருக்கு மேல். இலக்கைக் குறித்துவிட்டு விசையை அழுத்திப் பிடித்தால், குழாய் சரியான இடத்துக்கு நேராக வரும்போதுதான் அது வெடிக்கும். அதாவது, எப்போது சுடுவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

ஆனால் எந்தக் கருவியாலும் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. குண்டு 500 மீற்றர் போக முக்கால் செக்கன் எடுக்கும். மான் அந்த முக்கால் செக்கனில் ஓர் அடி எடுத்து வைத்தால், நெஞ்சுக்கு அனுப்பிய குண்டு வயிற்றில் படும். விசையை அழுத்தும்போது மான் ஆடாமல் நிற்கலாம். அடுத்த புல்லைக் கடிக்க அது எப்போது நகரும் என்பதை எந்தச் செயலியும் சொல்லாது.

இது எனக்கு எண்களாக மட்டும் இருந்தது, அந்த நவம்பர் மாலைவரை.

ஹாலிபேர்ட்டன் காடு அடர்ந்தது. பெரும்பாலும் எண்பது மீற்றருக்கு மேல் ஒன்றும் தெரியாது. நீளமாகக் கண் போகக்கூடிய இடம், மின்கம்பிகள் போவதற்காக மரம் வெட்டிய வெளி ஒன்றுதான். பெரியவரும் நானும் அதன் ஓரத்தில் இருந்தோம். எனக்கு அந்த வருடத்தின் கடைசி நாள். ஐந்து நாளாகக் குளிரில் இருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது வெளியின் மறுகரையில் ஒரு கிடாய் மான் வந்து நின்றது. நல்ல கொம்பு. பக்கவாட்டில், படத்தில் நிற்பது மாதிரி நின்றது. பெரியவர் தூரமானியைப் பிடித்துப் பார்த்தார். 340 மீற்றர்.

அவருடைய தொலைநோக்கி இருபது மடங்கு பெரிதாக்கும். அதை என்னிடம் தந்தார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 340ஐ இருபதால் வகுத்தால் 17. பதினேழு மீற்றரில் நின்று பார்ப்பது போல மான் தெரிந்தது. மூக்கிலிருந்து வரும் ஆவி தெரிந்தது. கண் தெரிந்தது. அது இமைத்தது.

என் கை றைபிளுக்குப் போனது. பெரியவர் தடுக்கவில்லை. மெல்லிய குரலில் ஒன்றே ஒன்று கேட்டார். இந்தத் தூரத்தில் கடதாசிக் கோப்பையில் எத்தனை தரம் அடித்திருக்கிறாய்? ஒருதரமும் இல்லை. நான் பழகியது நூறு, நூற்றைம்பது. வெளியில் புற்கள் இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன. அந்தக் காற்று குண்டைக் கால் மீற்றர் தள்ளும். ஆனால் நடுவில் இருந்த பள்ளத்தில் என்ன காற்று என்று எனக்குத் தெரியாது. குண்டு போய்ச் சேர அரைச் செக்கன். நான் றைபிளைத் தூக்கவில்லை. ஐந்து நிமிடம் நின்று மேய்ந்துவிட்டு மான் காட்டுக்குள் போய்விட்டது. வெறுங்கையோடு ரொறன்ரோவுக்குத் திரும்பினேன்.

வீட்டில் கதையைச் சொன்னேன். அப்பா "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு ரீவியைப் பார்த்தார். மாமிதான் கையிலிருந்த முருங்கையிலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அது உன்னைக் கண்டதே, பிள்ளை?"

"இல்லை மாமி. அவ்வளவு தூரத்தில எப்பிடிக் காணும்?"

"அப்ப நீ சுடாதது சரி."

அப்போதுதான் மாமி அப்பப்பாவின் கதையைச் சொன்னார். முல்லைத்தீவுப் பக்கத்து ஊரில் அப்பப்பாவிடம் ஓர் இடியன் துவக்கு இருந்ததாம். குழாயின் வாயால் மருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து, ஈயத்தைப் போட்டு, திரும்பவும் இடிக்கவேண்டும். ஒருதரம் சுட்டால் அடுத்த வெடிக்கு மான் காத்திருக்காது. மழையில் மருந்து நனைந்தால் அந்த ஒரு வெடியும் இல்லை. ஆகவே அப்பப்பா காற்றுக்கு எதிராக நடந்து, தவழ்ந்து, இருபது அடி, முப்பது அடி என்று கிட்டப் போவாராம். அவருக்கு ஒரு சட்டம். "கண் தெரியிற தூரத்துக்குப் போகாமல் வெடி வைக்கக்கூடாது." போகும் வழியில் மான் அவரைக் கண்டுவிட்டால் அது ஓடிவிடும். அது அதன் வெற்றி. அவர் வெறுங்கையோடு வருவார். (இன்று இலங்கையில் மானும் மரையும் பாதுகாக்கப்பட்ட மிருகங்கள். அங்கே யாரும் இதைச் செய்யக்கூடாது.)

"எனக்கும் கண் தெரிஞ்சது, மாமி" என்றேன். "கண்ணாடிக்குள்ளால."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "கடைசிக் காலத்தில வன்னியில எங்களுக்கு மேல வண்டு சுத்தும். ஆளில்லாத பிளேன். சத்தம் மட்டும் கேக்கும். எங்களை ஆரோ பாக்கினம் எண்டு தெரியும். ஆர், எங்கையிருந்து எண்டு தெரியாது. அவைக்கும் எங்கட கண் தெரிஞ்சிருக்கும்." அதற்குமேல் சொல்லவில்லை. முருங்கையிலையை உருவத் தொடங்கிவிட்டார்.

அன்றிரவு நான் யோசித்தது இதைத்தான். நான் சுடாததற்குக் காரணம் கணக்கு. மாமி சொன்ன காரணம் வேறு. அப்பப்பாவின் சட்டத்தை ஸ்கோப் பாதிதான் நிறைவேற்றுகிறது. அது மானின் கண்ணை என் அருகே கொண்டுவருகிறது. என்னை மானின் அருகே கொண்டுபோவதில்லை. குண்டு அந்த 340 மீற்றரையும் காற்றுக்குள்ளால் கடந்துதான் போகவேண்டும். மானுக்கும் நான் அங்கே இருப்பதை அறிய எந்த வழியும் இல்லை. அதன் மூக்குக்கு நான் எட்டவில்லை, காதுக்கு எட்டவில்லை. வெடிச்சத்தம்கூடக் குண்டு பட்ட பிறகுதான் அதற்குக் கேட்கும்.

வட அமெரிக்க வேட்டைக்காரர்களுக்குள்ளேயே இது பெரிய விவாதம். அதன் வேர் எருமைகளில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கண்டத்தின் சமவெளிகளில் கோடிக்கணக்கில் காட்டெருமைகள் இருந்தன. 1870களில் தோலுக்காகச் சுட வந்தவர்கள் சார்ப்ஸ் போன்ற கனத்த றைபிள்களோடு இருநூறு, முந்நூறு யார் தூரத்தில் இருந்து சுட்டார்கள். கிட்டப் போகாததற்குக் காரணம் பயமில்லை. தூரத்திலிருந்து, முதலில் கூட்டத்தை நடத்தும் பசுவைச் சுட்டால், மற்றவை என்ன நடக்கிறதென்று விளங்காமல் அப்படியே நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் விழுத்தலாம். 1889 இல் வில்லியம் ஹோர்னடே எண்ணிப் பார்த்து அறிக்கை எழுதியபோது ஏறக்குறைய ஆயிரம் எருமைகளே மிச்சம். அவற்றை நம்பி வாழ்ந்த முதற்குடி மக்கள் இங்கே கனடிய சமவெளியிலும் பட்டினி கிடந்தார்கள். 1883 இல் எருமை வேட்டைக்கென்று டகோட்டாவுக்குப் போன தியோடோர் ரூஸ்வெல்ற், ஒன்றைக் கண்டுபிடிக்கவே நாட்கணக்கில் அலைந்தார். அவர் 1887 இல் நண்பர்களுடன் சேர்ந்து பூன் அன்ட் க்ரொக்கற் என்ற சங்கத்தைத் தொடங்கினார். நேர்மையான வேட்டை என்ற கருத்தைப் பரப்பியது அந்தச் சங்கம். மிருகத்துக்குத் தப்பும் வாய்ப்பு இருக்கவேண்டும், வேட்டைக்காரர் தகாத அனுகூலம் எடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். மிருகத்தின் புலன்களுக்கு எட்டாத தூரத்திலிருந்து சுடுவது அந்த அனுகூலத்தைத்தான் எடுக்கிறது என்று அதே சங்கம் இன்று சொல்கிறது.

மறுபக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது, அதையும் கேளுங்கள். அல்பேட்டாவின் வெட்டவெளியிலும் மலைகளிலும் ஒளிந்து கிட்டப் போக மரமே இல்லை. அங்கே 300 மீற்றர் சாதாரணம். வாரந்தோறும் பழகும் ஒருவர் 400 மீற்றரில் வைக்கும் வெடி, வருடத்துக்கு ஒருதரம் துவக்கைத் தூசு தட்டுபவர் 80 மீற்றரில் வைக்கும் வெடியைவிட நிச்சயமானது. அம்பும் வில்லும் கொண்டு இருபது, முப்பது மீற்றரில் வேட்டையாடுபவர்களும் மிருகங்களைக் காயப்படுத்தித் தவறவிடுகிறார்கள். அதோடு அவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு நான் நீண்ட நாள் பதில் தேடினேன். பயந்து ஓடும் மானைச் சுடுவது நல்லதா, ஒன்றும் அறியாமல் அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கும்போது சட்டென்று சாவது நல்லதா? தப்பும் வாய்ப்பு என்பது மானுக்காகவா, எங்கள் மனத்திருப்திக்காகவா?

அந்தக் கேள்வி நேர்மையானது. இதற்கு எனக்குக் கிடைத்த பதில், வெடி வைத்தபின் நடப்பதில் இருக்கிறது. எண்பது மீற்றரில் சுட்டால் குண்டு பட்டதும் மான் எப்படித் துள்ளியது என்று தெரியும். எந்த மரத்தடியில் நின்றது என்று தெரியும். ஒரு நிமிடத்தில் அங்கே போய், இலையில் இருக்கும் முதல் இரத்தத் துளியைக் கண்டுபிடித்துப் பின்தொடரலாம். 500 மீற்றரில் சுட்டால், றைபிளின் உதைப்பில் ஸ்கோப் ஆடி, பட்டதா இல்லையா என்பதே தெரியாமல் போகலாம். பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி ஏறிப்போகக் கால் மணித்தியாலம். போய் நின்றால் எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கும். இருளும் வந்துவிடும். நான் தொடங்கிய ஒன்றை நானே முடிக்க முடியாத தூரத்தில் நிற்கிறேன் என்றால், அது எனக்கு மிஞ்சிய தூரம்.

அதற்காக மீற்றரில் மட்டும் எல்லாம் அடங்கிவிடும் என்றும் நினைக்காதீர்கள். இலங்கையில் கட்டுத்துவக்கு என்று ஒன்று இருக்கிறது. மிருகம் போகும் பாதையில் துவக்கைக் கட்டி, விசையிலிருந்து ஒரு நூலைக் குறுக்கே இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நூலில் கால் பட்டால் வெடிக்கும். காட்டுப்பண்டிக்கு வைத்ததில் யானை காயப்படும், சிறுத்தை சாகும், விறகு பொறுக்கப் போன மனிதரின் கால் போகும். குழாய்க்கும் இலக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட இருக்காது. ஆனால் சுட்டவர் வீட்டில் நித்திரை. உலகத்திலேயே மிகத் தூரத்திலிருந்து சுடும் துவக்கு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பழைய இலக்கியத்திலும் ஒரு பெரிய வெடி, இல்லை, ஒரு பெரிய அம்பு இருக்கிறது. புறநானூற்றின் 152ஆம் பாடல், வன்பரணர் பாடியது. கொல்லிமலையின் வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை விழுத்தி, புலியைக் கொன்று, மான், பன்றி என்று ஊடுருவி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இன்றைய யூரியூப் தலைப்புகளுக்குக் கொஞ்சமும் குறையாத கதை! ஆனால் புலவர் அதோடு நிறுத்தவில்லை. அந்த வேட்டைக்காரர் பசியோடு வந்த பாணர்களுக்கு இறைச்சி கொடுக்கிறார். தன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தபோது வெட்கப்படுகிறார். வெடியின் தூரத்தைத் தானே சொல்லிக்கொண்டு திரிபவரைப் பற்றி அந்தப் பாட்டு இல்லை.

சட்டம் இந்த விவாதத்தில் எவ்வளவு தூரம் வருகிறது? ஒன்ராறியோவில் இத்தனை மீற்றருக்கு அப்பால் மானைச் சுடக்கூடாது என்று எண் எதுவும் எழுதவில்லை. 2020 மே மாதம் கனடிய அரசு பல துப்பாக்கி வகைகளைத் தடைசெய்தபோது, 10,000 ஜூலுக்கு மேல் சக்தியுள்ள குண்டைச் சுடக்கூடிய றைபிள்களும் அதில் அடங்கின. .308இன் சக்தி 3,500 ஜூல் அளவுதான், ஆகவே மான் வேட்டைக்காரர்களின் வழக்கமான றைபிள்களை அந்த எல்லை தொடவில்லை. ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றைச் சொல்கிறது. வேட்டையாடிய மிருகத்தின் சாப்பிடக்கூடிய இறைச்சியைக் கைவிடவோ பழுதாக விடவோ கூடாது. அதற்கு முதலில் மிருகத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். தூரத்தை முடிவுசெய்யும் வேலையைச் சட்டம் உங்களிடமே விட்டிருக்கிறது.

நான் முடிவுசெய்யும் விதம் இது. பழகும் இடத்தில் 20 சென்ரிமீற்றர் கடதாசிக் கோப்பையைத் தொங்கவிடுவோம். மேசையில் வைத்துச் சுடுவதில்லை. காட்டில் இருப்பது போல நிலத்தில் இருந்து, கொஞ்சம் ஓடிவிட்டு, மூச்சு வாங்க வாங்க ஐந்து குண்டு. ஐந்தும் கோப்பைக்குள் இருந்தால் அந்தத் தூரம் என்னுடையது. நான்கு இருந்தால் என்னுடையது இல்லை. ஐந்தில் ஒன்று தவறினால், ஐந்து மான்களில் ஒன்று காயத்தோடு ஓடுகிறது என்று அர்த்தம்.

அந்தக் கிடாய்க்கு அடுத்த வருடம் எனக்கு ஒரு மான் கிடைத்தது. எழுபது மீற்றர். அது தலையை நிமிர்த்தி என் பக்கம் பார்த்தது. நான் மூச்சை விட்டு, அழுத்தினேன். நாற்பது மீற்றர் ஓடி விழுந்தது. போய்ப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். கண் திறந்தபடி இருந்தது. அதைப் பற்றி நான் பெருமையாக எதுவும் எழுத விரும்பவில்லை. பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு கத்தியை எடுத்தோம். அந்த இறைச்சியை மாமி வறுத்த தூள் போட்டுக் காய்ச்சினார். எங்கள் மாடியில் ஆறு வீட்டுக்குக் கொடுத்தோம். அம்மாவும் சாப்பிட்டார். ஆனால் துவக்கு விசயத்தில் அவருடைய சட்டம் மாறவில்லை. மாறவும் தேவையில்லை.

உங்களுக்கு ஆர்வம் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. ஒன்ராறியோவில் 12 வயதிலிருந்து, பெற்றோரின் சம்மதத்தோடு, வேட்டைக் கல்விப் பாடநெறி முடித்து, அனுபவமுள்ள ஒருவருடன் பயிற்சி வேட்டைக்காரராகப் போகலாம். இருவருக்கும் சேர்த்து ஒரே துவக்குத்தான், அவர் எப்போதும் பக்கத்தில் நிற்பார். சொந்தமாகத் துவக்கு வைத்திருப்பதற்கான லைசன்ஸ் 18 வயதில். அதற்கு முன், துவக்கே இல்லாமல் ஒன்று செய்து பாருங்கள். டொன் பள்ளத்தாக்குக்கு விடியப் போங்கள். அங்கேயும் சிலவேளை மான் வரும். தொலைநோக்கியை வீட்டில் வைத்துவிட்டு, அது உங்களைக் காணாமல் எவ்வளவு கிட்டப் போகமுடிகிறது என்று பாருங்கள். காற்று எந்தப் பக்கம் என்று யோசிப்பீர்கள். காலடியில் சுள்ளி இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். நூறு மீற்றர் எவ்வளவு பெரிய தூரம் என்று உடம்புக்கு விளங்கும்.

இந்த வசந்தத்தில் திரும்பவும் கோப்பை தொங்கவிட்டோம். நூற்றைம்பதில் ஐந்துக்கு ஐந்து. இருநூறில் ஐந்துக்கு மூன்று. ஆகவே வரும் நவம்பரிலும் நூற்றைம்பதுதான்.